வாசகர் கேள்விகள்: பால் பாக்கெட்டும் படகும்

கேள்வி: மிருகம்கூட பசித்தால்தான் கொல்லும், மனிதன் அப்படியா? (கரூர் வாசகர்)

பதில்: மிருகங்களுக்கு நாம் கொடுக்கும் நற்சான்றிதழ் கொஞ்சம் அதிகம். டான்சானியாவின் கோம்பே காட்டில் விலங்கு ஆய்வாளர் ஜேன் குடால் கவனித்து வந்த சிம்பன்ஸிக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. 1974 முதல் 1978 வரை, ஒரு பிரிவின் ஆண்கள் சேர்ந்துபோய் மற்றப் பிரிவின் ஆண்களைத் தனியாக மடக்கி அடித்தே கொன்றன. ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு வளர்ந்தவைதான். பசி காரணமில்லை.

கேள்வி: 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் மொட்டைமாடிக்குச் சாப்பாடு கொண்டுவந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அதே வாரம் தெருமுனையில் ஒரு லிட்டர் பாலை நூறு ரூபாய்க்கு விற்றார்கள். எது மனிதனின் நிஜ குணம்? (வேளச்சேரி வாசகி)

பதில்: ஆபத்து வந்தால்தான் சுயரூபம் தெரியும் என்பார்களே, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குப்பங்களிலிருந்து படகோடு ஊருக்குள் வந்து முன்பின் தெரியாதவர்களை ஏற்றிப்போன மீனவர்கள் மறுவாரம் மீன் ஏலத்தில் பத்து ரூபாய்க்குத் தொண்டை கிழியக் கத்தியிருப்பார்கள், அதில் தப்பும் இல்லை. எது நிஜம் என்று தேடுவதைவிட, அந்த நேரத்தில் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று பாருங்கள்.

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனை ஞாபகம் இருக்கிறதா? அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் ஷாக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தப்புக்கும் வோல்ட் ஏறும். ஷாக் பொய், அலறல் நடிப்பு, ஆனால் சுவிட்சைத் தட்டுகிறவருக்கு அது தெரியாது. கூட இருந்த அதிகாரி ‘தொடருங்கள்’ என்று சொல்லச் சொல்ல, 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். மனுஷ ஜன்மமே இவ்வளவுதான் என்று பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். அதே சோதனையை மில்கிராம் இன்னொரு விதமாகவும் செய்தார். சுவிட்சுக்கு முன்னால் மூன்று பேர், அதில் இரண்டு பேர் அவருடைய ஆட்கள், பாதியில் ‘என்னால் முடியாது’ என்று ஒருவர்பின் ஒருவராக எழுந்துவிட வேண்டும். அப்போது கடைசி வரை போனது 40-ல் 4 பேர்தான். அதே மாதிரி சாதாரண ஆட்கள், அதே அதிகாரி.

உங்கள் மாடிக்கு வந்த சாப்பாடும் அப்படித்தான் கிளம்பியிருக்கும், யாரோ ஒருவர் வீட்டு அண்டாவைத் தூக்கியிருப்பார், பார்த்தவர் அரிசி கொடுத்திருப்பார்.

சரி, பால் விஷயம். விற்றவரைத் திட்டுகிறோம். அந்த வாரம் நானும் ஒரு பால் வரிசையில் நின்றேன். வீட்டுக்கு ஒரு பாக்கெட் போதும், பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றதும் தெரியும். முன்னால் நின்றவர் நான்கு வாங்கினார், நானும் நான்கு வாங்கினேன்.