பிளெண்டருக்குப் போனதும் நிறம் எங்கே போயிற்று?

கேள்வி: மூலக்கூறுகளைப் படமாகக் காட்டும் கைமெராஎக்ஸ் மென்பொருளில் ஹீமோகுளோபினுக்கு (புரத வடிவங்களின் தரவுத்தளமான பிடிபியில் அதன் குறியீடு 4எச்எச்பி) நிறம், நிழல், எழுத்து எல்லாம் போட்டு வைத்திருந்தேன். ஓபிஜே என்ற முப்பரிமாணக் கோப்பாகச் சேமித்து, முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரில் திறந்தால் எல்லாம் சாம்பல். எழுத்துகளைக் காணோம். அணு உருண்டைகள் பட்டை பட்டையாகத் தெரிகின்றன. என்ன தவறு செய்தேன்?

உங்கள் மேல் தவறில்லை. ஓபிஜே கோப்பில் கைமெராஎக்ஸ் வடிவத்தை ஆக்கும் முக்கோணங்களை மட்டும்தான் எழுதுகிறது, நிறத்தை அல்ல. எஸ்டிஎல் என்ற கோப்பு வகையும் அப்படித்தான், 3டி பிரிண்டருக்குப் போதும், படத்துக்கு உதவாது. ஜிஎல்பி என்ற கோப்பு வகையில் சேமியுங்கள், நிறம் கூடவே வரும். அப்புறமும் பிளெண்டரில் சாம்பலாகவே இருந்தால், பொருளின் நிறத்தை அமைக்கும் ஷேடர் எடிட்டரில், கோப்போடு வந்த நிறத்தைப் படிக்கும் கலர் அட்ரிபியூட் நோடு ஒன்றைப் போட்டு பேஸ் கலரோடு இணையுங்கள்.

பட்டைகளுக்குக் காரணம், உருண்டையும் முக்கோணங்களாகத்தான் போகிறது என்பதே. 4எச்எச்பியில் நீரையும் சேர்த்து 4,779 அணுக்கள். உருண்டைக்கு 320 முக்கோணம் என்றாலே மொத்தம் 15 லட்சத்தைத் தாண்டிவிடும். கிராஃபிக்ஸ் குவாலிட்டி கட்டளையில் அணுவுக்கான முக்கோண எண்ணிக்கையைக் கூட்டலாம். அதற்கு முன் நீர் மூலக்கூறுகளை மறைத்துவிடுங்கள், கோப்பு வீணாகப் பெருகாது. ஒளிக்கதிரின் வழியைக் கணக்கிட்டுப் படம் வரையும் பாவ்-ரே, டேக்கியான் போன்ற மென்பொருள்களில் இந்தத் தொல்லை இல்லை. மையமும் ஆரமும் கொடுத்தால் முழு உருண்டையாகவே வரைந்துவிடும். விஎம்டி என்ற இன்னொரு மூலக்கூறு மென்பொருளிலிருந்து இவற்றுக்கு அனுப்பும் படங்கள் வழவழப்பாக வருவது அதனால்தான்.

நிழல், ஓரக்கோடு, ஆழத்தில் மங்கும் பனி, வெட்டுத்தளம் எல்லாம் திரையில் வரையும் நேரத்தில் போடப்படும் கணக்குகள். மூலக்கூற்றின் வடிவத்தில் அவை இல்லை, ஆகவே கோப்பிலும் வராது. பாதியாக வெட்டிக் காட்டிய புரதம் பிளெண்டரில் முழுசாக வந்து நிற்கும்! ஓரக்கோட்டுக்கு ஃப்ரீஸ்டைல், பனிக்கு மிஸ்ட் பாஸ் என்று அங்கே புதிதாகத்தான் அமைக்க வேண்டும். எழுத்துகளை நான் எந்த மென்பொருளிலும் முப்பரிமாணத்தில் போடுவதில்லை. படம் முடிந்தபின் இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் போட்டுக்கொள்கிறேன். திருத்தச் சொன்னால் ஒரே நிமிட வேலை.

சரி, பிளெண்டர் அவசியம்தானா? கட்டுரைக்குள் வரும் படம் என்றால் கைமெராஎக்ஸிலேயே லைட்டிங் சாஃப்ட் கொடுத்து, அகலம் 3000 பிக்சல், சூப்பர்சாம்பிள் 3 என்று சேமித்தால் தாராளம். இதழின் அட்டைப்படம் என்றால் பிளெண்டருக்குப் போங்கள். அங்கேயும் மாலிக்யூலர் நோட்ஸ் என்ற ஆட்-ஆன் (துணைநிரல்) பிடிபி கோப்பை நேரடியாகப் படித்துவிடும், ஏற்றுமதியே வேண்டாம். ஆனால் நீங்கள் தேர்ந்து வைத்த நிறத்தையும் கோணத்தையும் முதலிலிருந்து போட ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.