பாதியில் நின்ற பட்டமும் பதினான்கு ஆண்டு அனுபவமும்

அம்மா, சென்ற வாரம் மகளுடன் வந்திருந்தபோது, அவர் சற்று வெளியே சென்ற நேரம் பார்த்து, “மூன்றாவது தடவையும் பாதியில் விட்டுவிட்டால் அவள் மனம் தாங்குமா?” என்று கேட்டீர்கள். முப்பத்தெட்டு வயதில் கல்லூரிக்குத் திரும்புவது எந்த விதத்திலும் காலம் கடந்த முயற்சியன்று என்று அப்போது சொன்னேன், அது உண்மைதான். ஆனால் அந்த ஆறுதலோடு நான் நிறுத்திக்கொண்டால், நீங்கள் அஞ்சுவது நடப்பதற்கே வழிசெய்தவன் ஆவேன்.

உங்கள் மகள் முதல் முறை பிள்ளைப்பேற்றால் நின்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் மீண்டும் சேர்ந்து, இரண்டாம் பருவத்தில் வேலை நேரம் மாறியதால் நின்றார். இரு முறையும் அவர் மதிப்பெண்களில் குறையில்லை. வயதுவந்த மாணவர்கள் ஏன் விலகுகிறார்கள் என்பதை விளக்க பீன், மெட்ஸ்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். வீட்டுப் பொறுப்பு, வேலை நேரம், பணம், உடனிருப்போரின் ஊக்கம் ஆகியவை சரியாக இருந்தால் படிப்பில் உள்ள சிறு குறைகளைச் சமாளித்துவிடலாம், அவை சரியில்லை என்றால் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அந்தக் குறையை ஈடுசெய்வது கடினம் என்பதே அதன் சாரம். எனவே “இந்தத் தடவையாவது ஒழுங்காகப் படி” என்ற அறிவுரை அவருக்குத் தேவையற்றது, அநீதியானதும்கூட.

இனி, உங்கள் தம்பி வற்புறுத்தும் முழுநேர மேலாண்மைப் பட்டத்துக்கு வருகிறேன். அக்காள் மகள் மேல் அவருக்கு உள்ள அக்கறையை நான் மதிக்கிறேன், அவருடைய யோசனையை ஏற்கவில்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் படிப்பின் அளவைக் கணக்கிடும் மதிப்பலகு (கிரெடிட்) முறையில் ஒரு முழுநேரக் கல்வியாண்டு என்பது 60 அலகுகள், ஓர் அலகுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஆக ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி நேரம். நாற்பது வாரங்களில் பரப்பினாலும் வாரத்துக்குக் குறைந்தது 37 மணி நேரம் ஆகிறது, அதாவது இன்னொரு முழுநேர வேலை. இரண்டையும் சுமக்க முடியாது, சம்பளத்தைக் கைவிடவும் உங்கள் குடும்பத்தால் இயலாது. சொந்தக்காரர்கள் மெச்சும் பட்டம் என்பதற்காக அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றாதீர்கள்.

மாலை வகுப்பு, தொலைநிலைக் கல்வி பற்றியெல்லாம் ஏற்கெனவே பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், நான் அவற்றைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒருவரும் சொல்லாத ஒன்று முன்கற்றல் அங்கீகாரம். ஒருவர் வேலையிலும் வாழ்க்கையிலும் கற்றதை மதிப்பிட்டு, அதற்குப் பட்டப்படிப்பின் மதிப்பலகுகளை வழங்கும் முறை இது. பிரான்சில் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுபவத்தைச் சான்றாக வைத்து ஒரு பட்டத்தை முழுமையாகவே பெற முடியும். யுனெஸ்கோ 2012-இல் இதற்கென வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. எல்லாக் கல்லூரிகளிலும் இது கிடையாது, இருக்கும் இடங்களிலும் பலர் கேட்பதில்லை.

உங்கள் மகள் பதினான்கு ஆண்டுகளாக முதியோர் இல்லத்தில் பணிபுரிகிறார். உதவியாளராகச் சேர்ந்தவர், இன்று பணிமுறைப் பட்டியல் போடுகிறார், மருந்துப் பதிவேட்டைப் பராமரிக்கிறார், புதியவர்களைப் பழக்குகிறார், நினைவு தப்பிய பெரியவர்களின் பிள்ளைகளோடு பேச வேண்டிய கடினமான பேச்சுகளையெல்லாம் அவரே பேசுகிறார். இவற்றைச் சான்றுக் கோப்பாகத் தொகுக்க வேண்டும். அதில் ஒரு நுட்பம் உண்டு: எத்தனை ஆண்டு வேலை பார்த்தோம் என்பதற்கு மதிப்பலகு கிடைக்காது, என்ன கற்றோம் என்பதற்கே கிடைக்கும். ஆகவே முதலில் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, ஒவ்வொரு பாடத்தின் கற்றல் விளைவுகளையும், அதாவது அதை முடித்தவர் அறிந்திருக்க வேண்டியவற்றையும், எதிரே வைத்துக்கொண்டு, அவற்றில் எதைத் தாம் ஏற்கெனவே அறிவார், எந்தச் சூழலில் அறிந்தார், முதலில் எங்கே தவறினார், பிறகு எப்படித் திருத்திக்கொண்டார் என்று அவர் தம் சொற்களில் எழுத வேண்டும். அதனுடன் மேற்பார்வையாளரின் கடிதம், பயிற்சிச் சான்றிதழ்கள், பெயர்கள் நீக்கிய பணி ஆவணங்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். பிறகு துறை ஆசிரியர் நேர்காணல் நடத்தலாம், அல்லது ஒரு தேர்வு வைக்கலாம். எழுதி முடிக்கச் சில மாதங்கள் ஆகும். ஆனால் எழுத எழுதத் தமக்கு எவ்வளவு தெரியும் என்று அவரே காண்பார். இரு முறை நின்றுபோனவருக்கு அதைவிடப் பெரிய துணை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கல்லூரியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. அதிகபட்சம் எத்தனை அலகுகள் இவ்வழியில் தருவார்கள், மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு, பழைய கல்லூரியின் அலகுகள் செல்லுமா, ஒரு பருவத்துக்கு ஒரே பாடம் மட்டும் எடுக்கலாமா, வீட்டில் யாருக்கேனும் உடல்நலம் குன்றினால் இடம் பறிபோகாமல் பருவ விடுப்பு கிடைக்குமா, அலுவலக நேரத்துக்குப் பிறகு ஆலோசகரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கடைசி இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்றால், அந்தக் கல்லூரி எவ்வளவு பெயர்பெற்றதாயினும் வேண்டாம்.

செலவில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முழுப் படிப்புக்குமாகக் கடன் வாங்காதீர்கள், ஒவ்வொரு பருவமாகக் கட்டுங்கள். எந்தத் தேதிக்குள் விலகினால் கட்டணம் திரும்பும் என்பதை அறியாமல் ஒரு காசும் செலுத்த வேண்டாம்.

படிப்பு எது என்பதில் விவாதமே தேவையில்லை. “சமூகப்பணி படித்து, முதியோர் நலனில் வேலை பார்க்க வேண்டும்” என்று அவர் தயங்காமல் சொன்னபோது நீங்களும் அருகில்தான் இருந்தீர்கள். உங்கள் தம்பியிடம் அதைச் சொல்லும் பொறுப்பை மகளிடம் விடாமல் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மாலை பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்களே, அந்த நாள்களை இப்போதே முடிவுசெய்து கொடுங்கள். அடுத்த முறை வரும்போது பழைய கல்லூரியின் மதிப்பெண் பட்டியலையும் சமூகப்பணிப் பாடத்திட்டத்தையும் அவர் கொண்டுவரட்டும், கோப்பின் முதல் பக்கத்தை இங்கேயே எழுதத் தொடங்கலாம்.