குடல் அடைப்புக்கு ஸ்டென்ட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

டாக்டர், அப்பாவுக்கு 68 வயது. நான்கு நாளாகக் காற்றே பிரியாமல் வயிறு உப்பி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இடப்பக்கப் பெருங்குடலில் கட்டி, புற்றுதான் என்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் ஸ்டென்ட் வைக்கலாமாம். இதயத்தில் வைக்கிறார்களே, அதுவா?

அதே யோசனைதான், அளவுதான் பெரிது. விரிந்தபின் 22 முதல் 25 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலம். நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவையில் பின்னிய வலை. அதை ஒரு மெல்லிய குழாய்க்குள் சுருக்கி, ஆசனவாய் வழியாகக் கொலோஸ்கோப் என்ற கேமராக் குழாயில் கொண்டுபோவோம். முதலில் கட்டியின் இடுக்கில் ஒரு வயரை நுழைக்க வேண்டும். கஷ்டமே அதில்தான். வயர் தாண்டிவிட்டால் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மேலுறையை மெதுவாகப் பின்னுக்கு இழுப்போம், வலை தானே விரியும். சில சமயம் அந்த நொடியிலேயே தேங்கிய மலமும் காற்றும் பீறிட்டு வரும். எங்களுக்கு அதைவிட நிம்மதியான காட்சி கிடையாது.

வீங்கிய குடலை அவசரத்தில் வெட்டினால், பெரும்பாலும் மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டியிருக்கும். ஸ்டென்ட் வைத்தால் இரண்டு வாரம் போல அவகாசம் கிடைக்கும். உப்புச்சத்து, சர்க்கரை எல்லாம் சரிசெய்து, குடலை நேராக இணைத்துத் தைக்கும் வாய்ப்பு கூடும். பிரிட்டனில் 245 நோயாளிகளிடம் நடந்த க்ரெஸ்ட் ஆய்வில் பை தேவைப்பட்டவர்கள் குறைந்தார்கள். மூன்று வருடத்தில் புற்று திரும்புவது கூடவில்லை.

ஆனால் குடலில் ஓட்டை விழலாம். அதனால் செய்பவர் இதில் கைதேர்ந்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். காய்ச்சலோடு வயிறு கல் மாதிரி இறுகினால் ஸ்டென்ட்டுக்கு இடமில்லை, உடனே ஆபரேஷன்தான்.

அம்மாவுக்குக் குடல் புற்று கல்லீரலுக்குப் பரவிவிட்டது. ஸ்டென்ட் வைத்துவிட்டுக் கீமோ தொடரலாமா?

தொடரலாம். பை இல்லாமல் வீட்டில் இருக்க முடிவது அவருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பெவாசிசுமாப் என்ற மருந்து ஓட்டை விழும் ஆபத்தைக் கூட்டும். அது கீமோ மருந்துப் பட்டியலில் இருக்கிறதா என்பதை ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கட்டி வலைக்கண் வழியே வளர்ந்து மறுபடி அடைத்தால், உள்ளேயே இன்னொன்று வைக்கலாம்.

கட்டி ஆசனவாயிலிருந்து மூன்று சென்டிமீட்டரில். ஸ்டென்ட் வைக்கலாமா?

வேண்டாம். ஓயாத வலி, மலத்தை அடக்க முடியாத நிலை வரும். அங்கே பையே மேல்.

அக்காவுக்குச் சினைப்பைப் புற்று. வயிறு முழுக்கப் பரவி, குடல் பல இடத்தில் அடைத்திருக்கிறது.

ஒரு இடத்தைத் திறந்தால் அடுத்த இடம் அடைத்தே இருக்கும். வருத்தத்தோடு சொல்கிறேன், ஸ்டென்ட் இங்கே உதவாது. ஆக்ட்ரியோடைடு ஊசி வாந்தியைக் குறைக்கலாம். வலித் தணிப்புச் சிகிச்சைக் குழுவை இன்றே பாருங்கள்.

வைத்தபின் என்ன சாப்பிடலாம்?

குழைந்த சாதம், இட்லி, ரசம், மோர். முருங்கைக்காய், வாழைத்தண்டு, ஆரஞ்சுச் சக்கை, கொய்யா விதை வேண்டாம், வலையில் சிக்கும். மலம் இளகலாகவே போக, டாக்டர் எழுதித்தரும் சிரப்பை விடாமல் குடிக்க வேண்டும். மலமும் காற்றும் நின்று வாந்தி வந்தால், இரவானாலும் கிளம்பி வந்துவிடுங்கள்.