பாட்டுக் கேள்விகள்: ராப்பில் யார் நல்ல எழுத்தாளர்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ராப் பற்றியே இருந்தது. மற்றவற்றை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வேகமாகப் பாடுபவர்தான் பெரிய ராப்பர் என்கிறான் என் அறைத்தோழன். அமெரிக்க ராப்பர் எமினெமின் 'ராப் காட்' பாட்டைத்தான் உதாரணமாகக் காட்டுகிறான். சரிதானா அண்ணா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

2013-இல் வந்த அந்தப் பாட்டில் 6 நிமிடம் 4 நொடியில் 1,560 வார்த்தைகள் வருகின்றன. கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிய கணக்கு. டப்பிங் வசனம் எழுதிப் பிழைப்பவன் நான். ஒரு நடிகரின் வாயசைவுக்குள் கூடுதலாக ஒரே ஒரு சொல்லை நுழைக்க என்ன பாடுபட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த வேகத்தின் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் அது நாக்கும் மூச்சும் சேர்ந்து செய்யும் வித்தை. எழுத்தை அதை வைத்து அளக்க முடியாது தம்பி.

ராக்கிம் என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்தவர், சாக்ஸஃபோன் வாசித்தவர், ஜான் கோல்ட்ரேனின் ஜாஸில் ஊறியவர். அவர் வந்த காலத்தில் ராப்பர்கள் பெரும்பாலும் உரக்கக் கத்தி, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு ரைமை, அதாவது ஓசை ஒத்த சொல்லை, போட்டு முடிப்பார்கள். 1987-இல் டி.ஜே. எரிக் பி.யுடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பத்தில் குரல் ஏறவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி நிதானமாகச் சொல்கிறார். ரைம் வரியின் நடுவில் ஒன்று, கால் வரி தள்ளி இன்னொன்று, அடுத்த வரியின் தொடக்கத்தில் மற்றொன்று என்று விழுகிறது. வாக்கியமும் வரியோடு முடியாமல் அடுத்த வரிக்குள் போய் முடிகிறது.

ராப்பில் ஒரு வெர்ஸ், அதாவது பாட்டின் ஒரு பத்தி, என்றால் பெரும்பாலும் 16 பார். பார் என்பது ஒரு தாளச் சுற்று, ஒரு பாருக்கு நான்கு தட்டு. நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பீட்டில் அந்த 16 பாரும் ஏறத்தாழ 43 நொடியில் தீர்ந்துவிடும். அந்த 43 நொடியில் எந்தச் சொல் தட்டின் மேல் விழவேண்டும், எது தட்டுக்கு முன்னால் நழுவவேண்டும் என்று முடிவு செய்வதுதான் ராப் எழுத்தின் முதல் வேலை. ராக்கிமுக்குப் பிறகு வந்த எல்லோரும் அந்த விஷயத்தில் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

சொல்வளத்தை வைத்து ராப்பர்களை வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று உண்டாமே? அதை நம்பலாமா?
– வங்கி ஊழியர், ஈரோடு

உண்டு. 2014-இல் மாட் டேனியல்ஸ் என்பவர் ஒவ்வொரு ராப்பரின் முதல் 35,000 சொற்களை எடுத்து, அவற்றில் எத்தனை வெவ்வேறு சொற்கள் என்று எண்ணினார். முதலிடம் ஏசாப் ராக்குக்கு: 7,392 சொற்கள். அதே அளவுக்கு ஷேக்ஸ்பியரை எண்ணினால் 5,170. கடைசியில் இருந்தவர் டி.எம்.எக்ஸ்: 3,214.

எண்ணிக்கை சரி, அது எதைச் சொல்கிறது என்பதில்தான் சிக்கல். டி.எம்.எக்ஸின் முதல் ஐந்து ஆல்பங்களும் அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் தரவரிசையில் முதலிடத்திலேயே நுழைந்தன. உறுமிக்கொண்டே கடவுளிடம் மன்றாடும் மனிதர் அவர். அடிபட்டவன் பேசும்போது புதுப்புதுச் சொல்லாகத் தேடமாட்டான், அதே நாலு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வான். அவன் குரலுக்கு 3,214 போதும். ஏசாப் ராக்கின் அடர்த்தியும் எனக்குப் பிடிக்கும். ஆனால் பட்டியலைக் காட்டி இவர் அவரைவிட உயர்த்தி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கெட்ட வார்த்தைகள் நிறைந்த ஒரு ராப் ஆல்பத்துக்குப் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள் என்று படித்தேன். அதில் அப்படி என்ன இருக்கிறது? கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

அம்மா, நீங்கள் சொல்வது கென்ட்ரிக் லமாரின் 'டேம்' ஆல்பம். 2018-இல் இசைக்கான புலிட்சர் அதற்குக் கிடைத்தது. செவ்வியல் இசையும் ஜாஸும் அல்லாத ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. ஆனால் உங்களுக்குப் பதில் சொல்ல நான் அவருடைய வேறொரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய காம்ப்டன் நகரில் வளர்ந்த கதையை அவர் 2012-இல் ஆல்பமாக்கினார். அதில் 'சிங் அபௌட் மீ' என்று தொடங்கும் 12 நிமிடப் பாட்டு இருக்கிறது.

முதல் வெர்ஸில் பேசுவது கென்ட்ரிக் இல்லை. சுட்டுக் கொல்லப்பட்ட நண்பனின் தம்பி பேசுகிறான். இந்தத் தெருவைவிட்டுத் தன்னால் வெளியே வர முடியாது என்கிறான். உன் ஆல்பம் வருவதற்கு முன் நான் செத்துப்போனால் என்று ஆரம்பிக்கிறான், துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது, வாக்கியம் பாதியிலேயே நின்றுபோகிறது.

இரண்டாவது வெர்ஸில் ஒரு பெண். கென்ட்ரிக் அதற்கு முந்தைய ஆண்டு, பாலியல் தொழிலில் சிக்கிக் கொலையுண்ட கீஷா என்ற பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தார். இப்போது பேசுகிறவள் அந்தக் கீஷாவின் தங்கை. என் அக்காவின் கதையை ஊருக்கே சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று எழுதியவனையே உலுக்குகிறாள். அவளும் அதே தொழிலில் இருக்கிறாள். நான் மறைந்துபோகமாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். சொல்லச் சொல்ல அவள் குரலின் ஒலி குறைந்துகொண்டே போய், பீட் மட்டும் மிஞ்சுகிறது. அவள் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள், நமக்குத்தான் கேட்கவில்லை.

எழுதுபவன் தனக்கு எதிரான வழக்கைத் தன் பாட்டுக்குள்ளேயே முழு நியாயத்தோடு வாதாட விடுகிறான். மூன்றாவது வெர்ஸில்தான் சொந்தக் குரலில் பதில் சொல்ல வருகிறான். நல்ல சொல்லும் கெட்ட சொல்லும் அந்தத் தெருவில் அவர்கள் பேசுகிறபடியே வருகின்றன. எனக்கு ராப்பில் பெரிய எழுத்து என்றால் இதுதான்: பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், அவருக்கு எதைச் சொல்ல வாய் வராது என்பதைக் கடைசி பார்வரை மறக்காமல் இருப்பது.

நியூயார்க் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த ராப்பர் நாஸ் தன் 20 வயதில் வெளியிட்ட 'இல்மாடிக்' (1994) ஆல்பத்திலும் இது உண்டு. 'ஒன் லவ்' பாட்டு சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதம். உனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறான், உன்னைப்போலவே இருக்கிறானாம், அவள் ஏன் உனக்குக் கடிதம் போடுவதில்லை என்று விசாரிக்கிறார். சிறைக் கொடுமை என்று தனியாக ஒரு வரி வேண்டியிருக்கவில்லை, அந்த விசாரிப்பே போதுமானதாக இருக்கிறது. கடைசியில் கடிதம் நின்று, 12 வயதுச் சிறுவன் ஒருவன் பக்கத்தில் வந்து பெரிய ரௌடிபோலப் பேச ஆரம்பிக்கிறான். அடுத்த கடிதம் யாருக்குப் போகும் என்று கேட்பவருக்கே தெரிந்துவிடும்.

நான் தமிழில் ராப் எழுதுகிறேன். எல்லா வரியும் ரைம் ஆகிறது, ஆனாலும் சப்பென்று இருக்கிறது. என்ன குறை?
– ஐ.டி. ஊழியர், கோவை

உங்கள் வரிகள் எப்படி முடிகின்றன என்று பாருங்கள். அனுப்பிய பக்கத்தில் வந்தேன், நின்றேன், கண்டேன், வென்றேன் என்றே போகிறது. ஆங்கிலத்தில் வரிக்கடைசி ரைமைத் தேடிப் பிடிக்க வேண்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்வதால் அது சும்மா கிடைக்கிறது. சும்மா கிடைத்ததற்குக் காது மசியாது.

ரைமை வரியின் முன்பக்கம் கொண்டுபோங்கள். எதுகையும் மோனையும் அங்கேதான் வேலை செய்கின்றன. ராக்கிம் நடுவரியில் வைத்த ரைம் நம் காதுக்கு அந்நியமே இல்லை. வரியைப் பெயர்ச்சொல்லில் முடியுங்கள், பாதி வாக்கியத்தில் அறுங்கள், வினையை அடுத்த பாரில் போடுங்கள். அப்புறம், 'நான்' என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கிவைத்து வீட்டில் ஒருவர் வாயால் எழுதிப் பாருங்கள். தமிழ் ராப்பர் அறிவு எழுதிய 'எஞ்சாயி எஞ்சாமி' (2021), இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டியின் வாழ்க்கையிலிருந்து வந்தது. நிலத்தை உழைத்துப் பண்படுத்தியவர்களின் பேச்சும் ஒப்பாரியும் அதற்குள் இருப்பதால்தான் அது அத்தனை பேரைத் தொட்டது.

அமெரிக்க ராப்பர் ஜே-ஸீ காகிதத்தில் எழுதுவதே இல்லையாமே?
– பள்ளி மாணவி, மதுரை

ஆமாம், மனதுக்குள்ளேயே கட்டி மைக்கின் முன் நின்று சொல்லிவிடுவார். நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யும் அப்படித்தான். நீ அதைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே அம்மா. எழுது, வாய்விட்டுப் படி, மூச்சு முட்டும் இடத்தில் ஒரு சொல்லை வெட்டு.