வாசகர் கேள்வி பதில்: ‘போஷ்’ கப்பலில் வந்த சொல்லா?

கேள்வி: உயர்தரமான, பகட்டான என்று பொருள்படும் ‘போஷ்’ என்ற ஆங்கிலச் சொல் பழைய கப்பல் டிக்கெட் முத்திரையிலிருந்து வந்ததாக வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பதில்: இல்லை. பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கப்பலில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரப் பணக்காரர்கள் வரும்போது இடப்பக்க அறையும் திரும்பும்போது வலப்பக்க அறையும் கேட்பார்களாம். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்பதன் முதலெழுத்துகள்தான் போஷ் என்பது கதை. வெயில் கணக்கு சரியாகவே வருகிறது. செங்கடலில் கப்பல் தென்கிழக்காக இறங்கும்போது பிற்பகல் வெயில் வலப்பக்கத்தைக் காய்ச்சும், திரும்புகையில் இடப்பக்கத்தை. அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. இந்த விளக்கம் அச்சில் தலைகாட்டுவதே 1930-களில்தான். சொல்லோ 1918-லேயே ‘பஞ்ச்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை இதழின் கேலிச்சித்திரம் ஒன்றில், ஒரு விமானப்படை அதிகாரியின் வாயில் வந்துவிட்டது.

சரியான மூலம் எது என்று அகராதிகள் அறுதியிட்டுச் சொல்வதில்லை. ஐரோப்பாவின் ஜிப்சி மக்கள் பேசும் ரோமானி மொழியில் ‘போஷ்’ என்றால் பாதி. 19-ஆம் நூற்றாண்டு லண்டன் கொச்சையில் அது சில்லறைக் காசு, பிறகு பகட்டாக உடுத்துபவர். காசிலிருந்து பகட்டுக்கும், பகட்டிலிருந்து உயர்தரத்துக்கும் பொருள் நகர்ந்தது என்பதே கப்பல் கதையைவிட நம்பும்படி இருக்கிறது.

கேள்வி: லண்டனில் படிக்கும் என் மகள், தோழியின் ஆங்கிலம் ‘போஷ்’ என்று பாராட்டியிருக்கிறாள். தோழிக்கு முகம் வாடிவிட்டதாம். ஏன்?

பதில்: ஹோட்டலையோ உடையையோ போஷ் என்றால் பாராட்டு. ஆளையோ பேச்சையோ அப்படிச் சொன்னால், பிரிட்டனில் அது வர்க்கத்தைச் சுட்டும். “நீயெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளை” என்று குத்திக்காட்டுவது போலவே காதில் விழும். பணம் மட்டும் இருந்தால் அங்கே போஷ் ஆகிவிட முடியாது. லாட்டரியில் கோடி விழுந்தவர் பணக்காரர்தான், போஷ் அல்ல. குடும்பம், படித்த பள்ளி, உச்சரிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தோழியின் பேச்சைப் பாராட்ட ‘க்ளியர்’ என்பதே போதும். நம் ஊர் ‘போஷ் ஏரியா’வில் இந்த முள் கிடையாது.

ஒப்பிடும்போது ‘போஷர்’, ‘போஷஸ்ட்’ என்று வரும். நாம் ‘போ’ என்று இழுக்கிறோம், ஆங்கிலேயர் குறிலாக முடித்துவிடுவார்கள். அவர்கள் வாயில் ‘வாஷ்’ எப்படி ஒலிக்குமோ அப்படி.

கேள்வி: ஆபீஸில் ‘போஷ் கமிட்டி’ என்கிறார்களே?

பதில்: அதற்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சுருக்கப்பெயர் அது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இந்தக் குழு கட்டாயம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை அவகாசம் தரலாம்.