யாக்கோபுக்கு ஒரே வசனம்

கடிதம்:

ஐயா, தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். சபைத் தோழி கொடுத்த அமெரிக்கக் கிறிஸ்தவ நாவல் ஒன்றை இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். காதலும் மர்மமும் கலந்த கதை. கொலைகாரன் நாயகியைக் கிடங்கில் அடைத்துவைக்கிறான். அவள் ஜெபிக்கிறாள். விசுவாசத்தை இழந்திருந்த போலீஸ் அதிகாரி மனந்திரும்பி, அவளை மீட்டு மணக்கிறான். எனக்கு ஏதோ உறுத்தியது. “ஆண்டவரைப் பற்றிய புத்தகத்தில் குற்றம் தேடாதே” என்றார் தோழி. இத்தகைய நாவலை விமர்சனத்தோடு படிப்பது தவறா? பதினாறு வயது மகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சில வாரங்களாக என் மனத்தில் கிடக்கும் ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. ஆனால் முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். உறுத்தியது என்கிறீர்கள், எந்தப் பக்கம், எந்த வாக்கியம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தோழி அதட்டியதும் உங்கள் புத்தியை மூட்டைகட்டி வைத்துவிட்டீர்களா? நாவலை எழுதியவர் மனிதர். அவரிடம் கேள்வி கேட்பது ஆண்டவரிடம் சண்டைபோடுவதாகாது.

முத்தத்தோடு நின்றுவிடும் காதல், கெட்ட வார்த்தை பேசாத கொலைகாரன் ஆகியவை அவ்வகை நாவலின் வரம்புகள், எனக்குப் புகாரில்லை. நாயகன் மனந்திரும்பிய பிறகே கல்யாணம் என்பதும், ‘அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதிலிருந்து வருவதுதான்.

என்னால் பொறுக்க முடியாதது அந்தக் கிடங்கு ஜெபம்.

நான் காசிமேட்டில் வளர்ந்தவன். ஆறாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு கார்த்திகை மாதப் புயலில் எங்கள் தெருவைச் சேர்ந்த இருவர் வெவ்வேறு படகுகளில் கடலில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பேரின் மனைவிமாரும் எங்கள் வீட்டில்தான் முழங்காலில் நின்றார்கள். அம்மா இருவருக்கும் நடுவில் இருந்தார். மூன்றாம் நாள் ஒரு படகு பழவேற்காட்டுப் பக்கம் கரை ஒதுங்கியது. மற்றது வரவே இல்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில் முதல் பெண்மணி சாட்சி சொன்னார்: “நான் ஜெபித்தேன், ஆண்டவர் கேட்டார்.” சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. இரண்டாவது பெண்மணி எங்களுக்கு முன் வரிசையில் இருந்தார். அவர் கழுத்தின் பின்புறத்தைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. அது அசையவே இல்லை.

அவரும் ஜெபித்தார். அதே பாயில், அதே இரவில்.

வேதத்தில் இதற்கு இடமிருக்கிறது. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகர்களுக்கு நடுவே இயேசுவின் சீடரான பேதுரு சிறையில் தூங்குகிறார். தூதன் தட்டி எழுப்புகிறான், சங்கிலிகள் விழுகின்றன, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. விசுவாசிகள் ஜெபித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் போய்ப் பேதுரு கதவைத் தட்டுகிறார். வாசலுக்கு வந்த ரோதை என்ற பெண், அவர் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். எந்த மர்ம நாவலாசிரியரும் ஏங்கும் காட்சி! ஆனால் அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனம், ஏரோது ராஜா இன்னொரு சீடரான யாக்கோபைப் பட்டயத்தினாலே கொலைசெய்தான் என்கிறது. அவருக்கு எந்தத் தூதனும் வரவில்லை. காரணமும் சொல்லப்படவில்லை. இதை எழுதிய லூக்கா அந்த வசனத்தை மறைக்காமல் எழுதிவிட்டுத்தான் பேதுருவிடம் போகிறார். உங்கள் நாவலாசிரியர் மூன்றாம் வசனத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். நாயகி தப்பியது தவறில்லை. ஜெபித்ததால் தப்பினாள் என்று கணக்கு எழுதுவதுதான் தவறு. அந்தக் கணக்கு எங்கள் முன் வரிசைப் பெண்மணியைக் குறைந்த விசுவாசி ஆக்கிவிடுகிறது.

ராயப்பர் என்பது பேதுருவுக்குக் கத்தோலிக்கர் வழங்கிய பழைய தமிழ்ப் பெயர். ராயபுரத்தில் அவர் பெயரில் ஆலயம் நிற்கிறது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு யாக்கோபின் நினைவுதான் வருகிறது.

மகளுக்குக் கொடுங்கள். அவள் முடித்ததும் அந்தக் கிடங்குக் காட்சியைப் பற்றிக் கேளுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்களுக்கு உறுத்திய பக்கம் எதுவென்று எனக்கும் எழுதுங்கள்.