ஹீரோ மறந்துபோய் கீஸ் மட்டும் ஏன் நிக்கிறார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

கொஞ்ச மாசமா பழைய ஹாலிவுட் படங்களா தேடித் தேடி பாத்துட்டிருக்கேன், பெரும்பாலும் 1940, 50கள்ல வந்த கருப்பு வெள்ளைப் படங்கள். படம் பாத்து நாலு நாள் கழிச்சு யோசிச்சா ஹீரோ ஹீரோயின் எல்லாம் மங்கிடறாங்க, ஓரமா வந்துபோன யாரோ ஒருத்தர்தான் மனசுல நிக்கிறார். 'டபுள் இண்டெம்னிட்டி'ல இன்சூரன்ஸ் ஆபீஸ் கீஸ், '12 ஆங்ரி மென்'ல அந்த வயசான ஜூரி, 'ரியர் விண்டோ'ல மசாஜ் பண்ண வர்ற நர்ஸம்மா. இது நடிகர்களோட திறமையா, எழுத்தா, இல்ல அந்தக் காலத்து ஸ்டூடியோ வேலை செஞ்ச விதமா? இன்னொண்ணு, 'கான் வித் த விண்ட்'ல வர்ற மேமியையும் எனக்கு மறக்க முடியல, ஆனா அந்தப் படம் அடிமை முறைய காட்டுற விதத்த நினைச்சா அவங்கள பிடிச்சிருக்குன்னு சொல்லவே தயக்கமா இருக்கு. சொல்றது தப்பா? அந்த நர்ஸம்மா வேற எந்தப் படத்துல நல்லா பண்ணிருக்காங்கன்னும் சொல்லுங்க.

அன்புடன்,
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்க சொன்ன மூணுமே காரணம்தான், ஆனா மூணுக்கும் ஒரே எடை கிடையாது. ஸ்டூடியோ விஷயத்த முதல்ல முடிச்சுடறேன். அப்பல்லாம் நிறைய நடிகர்கள் ஸ்டூடியோவுல காண்ட்ராக்ட் போட்டு வாரச் சம்பளத்துக்கு இருந்தாங்க, ஒரு படம் முடிஞ்சா அடுத்த செட்டுக்குப் போயிட்டே இருக்கணும். சொந்தமா வேலை தேடிப் போனவங்களுக்கும் படத்துக்குப் பஞ்சமில்ல. தாமஸ் மிட்சல்னு ஒருத்தர் 1939ங்கிற ஒரே வருஷத்துல 'ஸ்டேஜ்கோச்', 'கான் வித் த விண்ட்', 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்', 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்', 'ஹன்ச்பேக் ஆஃப் நோத்ர தாம்'னு அஞ்சு படத்துல இருக்கார், அதுல ஸ்டேஜ்கோச் குடிகார டாக்டர் வேஷத்துக்கு ஆஸ்காரும் வாங்கினார். அப்படி ஓயாம நடிச்சதுல வந்த பழக்கம் அந்த முகங்கள்ல தெரியும். ஆனா அதே மாதிரி ஓயாம நடிச்ச எத்தனையோ பேரோட வேஷங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லையே, அதனால பதில் அங்க முடியல.

நான் நம்புறது இதுதான். ஒரு ஆள் கதைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே அவருக்குன்னு ஒரு வேலை, ஒரு கவலை ஓடிக்கிட்டு இருக்கணும், ஹீரோவோட கதை குறுக்க வந்து அதை இடிக்கணும், அப்பதான் அவர் நம்மகிட்ட தங்குறார். தகவல் சொல்லிட்டுப் போக வந்தவர், சிரிக்க வைக்க வந்தவர் எல்லாம் வந்த வேலை முடிஞ்சதும் போயிடுவாங்க.

கீஸையே எடுத்துக்கோங்க. 1944ல பில்லி வைல்டர் எடுத்த படம், துப்பறியும் நாவல் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் கூட உக்காந்து திரைக்கதை எழுதினது. வால்டர் நெஃப்ங்கிற இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஃபிலிஸ்ங்கிறவளோட சேர்ந்து அவ புருஷன கொன்னுட்டு, ஓடற ரயில்லருந்து தவறி விழுந்து செத்த மாதிரி காட்டி பாலிசி பணத்த ரெட்டிப்பா வாங்கப் பாக்கிறான். கீஸ் அதே கம்பெனில க்ளெய்ம் பாக்கிறவர். பொய் க்ளெய்ம் ஒண்ணு மேஜைக்கு வந்தா அவருக்குள்ள இருக்கிற ஒரு குட்டி மனுஷன் முழிச்சுக்குவான், சாப்பிட்டது செரிக்காது, வயித்த பிடிச்சுட்டு உக்காந்திருப்பார். முதலாளி நார்ட்டன் இது தற்கொலைதான்னு சொல்லி பணம் குடுக்காம தப்பிக்கப் பாக்கும்போது கீஸ் எந்திரிச்சு ஒரு பேச்சு பேசுவார் பாருங்க, தற்கொலைக்குன்னு தனியா புள்ளிவிவர அட்டவணைங்க இருக்கு, இனவாரியா, தொழில்வாரியா, ஆண் பெண், எந்தப் பருவம், எந்த நேரம், விஷம்னா என்ன விஷம், குதிச்சதுன்னா எங்கருந்து குதிச்சதுன்னு மூச்சு விடாம அடுக்கிட்டே போய், இத்தனையிலயும் ஓடற ரயிலோட பின்பக்கத்துலருந்து குதிச்சு செத்தவன் ஒருத்தன்கூட கிடையாதுன்னு முடிப்பார். மனுஷன் அந்த அட்டவணைய அவ்வளவு நேசிக்கிறார். கல்யாணத்துக்கு நிச்சயமான பொண்ணையே ஆள் வச்சு விசாரிச்சு, கடைசில கல்யாணமே நின்னுபோனவர் அவர், வேலைங்கிறது அவருக்கு அந்த அளவுக்கு உள்ள போயிருக்கு.

இப்படிப்பட்டவர் உலகத்துல ஒரே ஒருத்தன நம்புறார், அது நெஃப். கொலைக்கு முன்னாடி ஒரு சீன் இருக்கு, கீஸ் வந்து நீ எனக்கு அசிஸ்டன்ட்டா வந்துடு, சம்பளத்துல 50 டாலர் குறையும் ஆனா இதுதான் மூளை இருக்கிறவன் செய்யற வேலைன்னு கிட்டத்தட்ட கெஞ்சுறார், அந்த நேரம் பாத்து ஃபிலிஸ் கிட்டருந்து போன் வருது, கீஸ் பக்கத்துல நிக்கும்போதே நெஃப் அவள வேற பேர் சொல்லிக் கூப்பிட்டு கொலைக்கு நாள் குறிக்கிறான். நல்ல வாழ்க்கையும் கெட்ட வாழ்க்கையும் ஒரே மேஜைகிட்ட அவனுக்காக நிக்குது. அடுத்த தடவை பாக்கும்போது போன் பேசுறவன விட்டுட்டு காத்துக்கிட்டு நிக்கிற கீஸை மட்டும் கவனிங்க.

அப்புறம் அந்த தீக்குச்சி. கீஸ் சுருட்டு பிடிப்பார், பையில நெருப்பு இருக்கவே இருக்காது, ஒவ்வொரு தடவையும் நெஃப்தான் கட்டைவிரல் நகத்தால குச்சிய உரசி பத்த வைப்பான். கடைசில குண்டடி பட்டு ஆபீஸ் வாசல்ல சரிஞ்சு கெடக்கிறவன் சிகரெட்ட வாயில வச்சுட்டு குச்சிய உரச முடியாம தடுமாறும்போது கீஸ் குனிஞ்சு வாங்கி பத்த வைக்கிறார். அதுக்கப்புறம் நெஃப்ப விஷவாயு அறைல கொல்றதயும் கீஸ் அதைப் பாத்துட்டு நிக்கிறதயும் வைல்டர் செலவு பண்ணி எடுத்தார், எடுத்துட்டு படத்துலருந்து நீக்கிட்டார். என்னைக் கேட்டா அது ரொம்ப சரியான முடிவு, தீக்குச்சிக்கு மேல அந்தப் படத்துக்கு எதுவும் வேணாம். இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க, நெஃப் ராத்திரி ஆபீஸ்ல உக்காந்து மெஷின்ல பதிவு பண்றதுதான் மொத்தப் படமும், அது யாருக்குன்னா கீஸுக்கு. அதனால நீங்க கீஸை ஞாபகம் வச்சிருக்கிறதுல ஆச்சரியமே இல்ல, படமே அவர் முகத்தப் பாத்துதான் பேசுது.

அதை நடிச்ச எட்வர்ட் ஜி. ராபின்சன் 1931ல 'லிட்டில் சீஸர்'லருந்து பெரிய ஸ்டார். இதுல டைட்டில்ல மூணாவது பேரா வர அவருக்கு முதல்ல தயக்கம் இருந்துச்சு, அப்புறம் சம்மதிச்சார். நடிப்புக்காக ஒரு தடவைகூட ஆஸ்காருக்கு அவர் பேர நாமினேட் பண்ணல. 1973ல கௌரவ ஆஸ்கார் குடுத்தாங்க, விழாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இறந்துட்டார். இதை நினைச்சா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

'12 ஆங்ரி மென்', ஒரு கொலை கேஸ்ல பையன் குற்றவாளியான்னு பன்னெண்டு ஜூரிங்க ஒரு ரூம்ல உக்காந்து முடிவு பண்ற படம். அதுல வர்ற வயசானவர், ஒன்பதாவது ஜூரி, ஜோசப் ஸ்வீனி. 1954ல டிவி நாடகமா வந்தப்பவும் இதே வேஷத்த அவர்தான் பண்ணார், 1957 படத்துலயும் அவரே. குற்றவாளி இல்லன்னு முதல்ல தனியா ஓட்டு போடற ஹென்றி ஃபோண்டாவுக்கு அடுத்து அவர் பக்கம் மாறி ஓட்டு போடறது அவர்தான்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனா எனக்கு முக்கியம் அவர் எப்படி பாக்கிறார்ங்கிறது. சாட்சி சொன்ன கிழவரோட கோட்டு தோள்பட்டைல கிழிஞ்சிருந்தத கவனிச்சவர் அவர். வாழ்நாள் பூரா யாரும் மதிக்காத, யாரும் யோசனை கேக்காத ஒரு மனுஷன், ஒரே ஒரு தடவை தன் பேச்ச நாலு பேர் காது குடுத்துக் கேக்கட்டும்னு, பொய்ன்னு தனக்கே தெரியாம சொல்லிருக்கலாம்னு அவர் விளக்கும்போது அந்த ரூமே அமைதியாயிடும், ஏன்னா அது அவருக்கு எப்படித் தெரியும்னு எல்லாருக்கும் புரிஞ்சுடுது. கடைசில பெண் சாட்சியோட மூக்குல கண்ணாடி அழுத்தின தடம் இருந்தத கண்டுபிடிக்கிறதும் அவரே. மத்தவங்க சாட்சி சொன்னத கேட்டாங்க, இவர் சாட்சி சொன்னவங்கள பாத்தார். படிக்கட்டுல வச்சு அவர்தான் ஃபோண்டாகிட்ட பேர் கேக்குறார், ரெண்டு பேரும் பேர் சொல்லிக்கிறாங்க, மத்த பத்து பேருக்கும் கடைசி வரைக்கும் பேர் கிடையாது.

நீங்க கேக்காட்டியும் 'காஸாப்ளாங்கா'ல ஈவோன்னு வர்ற பொண்ண சொல்லாம போக முடியல. ஜெர்மன் ஆபீசர் கையப் பிடிச்சுட்டு பாருக்கு வந்தவ, பிரெஞ்சு தேசிய கீதம் பாட ஆரம்பிச்சதும் கண்ணுல தண்ணி வழிய சேந்து பாடுவா. நடிச்ச மாட்லென் லெபோ நிஜமாவே 1940ல நாஜிகளுக்குத் தப்பி பாரிஸ விட்டு ஓடி வந்தவங்க, கூட வந்த புருஷன் மார்செல் தாலியோ பிரான்ஸ்ல பெரிய நடிகர், இதே படத்துல சூதாட்ட மேஜைல சுழல் சக்கரம் சுத்துறவரா டைட்டில்ல பேர்கூட இல்லாம வர்றார். அந்த சீன்ல சுத்தி நிக்கிற பல பேர் அப்படித் தப்பி வந்தவங்கதான்.

இப்ப மேமி. பிடிச்சிருக்குன்னு சொல்றதுல தப்பே இல்ல, ஆனா எது பிடிச்சிருக்குன்னு பிரிச்சு சொல்லுங்க. மேல சொன்னவங்களுக்கெல்லாம் எழுத்து குடுத்ததுல ஒண்ணுகூட மேமிக்கு அந்தப் படம் குடுக்கல, குடும்பம் கிடையாது, சொந்தக் கவலை கிடையாது, சொந்தப் பேரே கிடையாது, ஹீரோயின் ஸ்கார்லெட் வீட்டுக் கவலைதான் அவங்க கவலை. அடிமையா இருந்தவங்களுக்கு எஜமான் வீட்டத் தவிர வேற நினைப்பே இல்லங்கிறது அந்தப் படம் சொல்ற பொய், அதைப் பொய்ன்னே சொல்லணும். மேமியா நடிச்ச ஹாட்டி மெக்டேனியலோட அப்பா அம்மா ரெண்டு பேருமே அடிமைகளா பிறந்தவங்க, அவங்களுக்கு இது தெரியாம இருக்குமா. ஸ்கார்லெட்டோட குழந்தை செத்த பிறகு, அந்த வீட்டுக்கு நெருக்கமான மெலனிய கூட்டிட்டு மாடிப்படி ஏறிக்கிட்டே வீட்டுல நடந்தத சொல்லுவாங்களே, குரல் உடைஞ்சு, மூச்சு வாங்கி, படிக்குப் படி அழுகை கூடி, அந்த வீட்டோட மொத்தத் துக்கத்தையும் அவங்க ஒரு ஆளா தூக்கிட்டுப் போறாங்க. எழுத்துல இல்லாத ஒரு முழு மனுஷிய அந்த நடிகை கொண்டு வந்து நிறுத்திருக்காங்க, உங்களுக்குப் பிடிச்சது அதுதான்.

அட்லாண்டால நடந்த படத்தோட பிரீமியருக்கு அவங்களால போக முடியல, அந்த ஊர் இருக்கிற ஜார்ஜியாவுல அப்ப நிறப்பிரிவினை. 1940 பிப்ரவரில ஆஸ்கார் வாங்கின முதல் கருப்பினக் கலைஞர் அவங்க, ஆனா விழா நடந்த ஆம்பாசடர் ஓட்டல் கருப்பினத்தவங்கள உள்ள விடாத இடம், தயாரிப்பாளர் தனியா பேசி அனுமதி வாங்கி, சக நடிகர்கள் கூட இல்லாம ஓரமா ஒரு சின்ன மேஜைல உக்கார வச்சாங்க. 1952ல இறந்தப்ப ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்துல புதைக்கணும்னு ஆசைப்பட்டிருந்தாங்க, அங்க வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான் இடம்னு மறுத்துட்டாங்க.

நர்ஸம்மா பேரு தெல்மா ரிட்டர். ஆறு தடவை துணை நடிகைக்கான ஆஸ்காருக்கு நாமினேட் ஆகி ஒரு தடவைகூட ஜெயிக்கல. நீங்க பாக்க வேண்டியது 1953ல சாமுவேல் ஃபுல்லர் எடுத்த 'பிக்அப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்'. அதுல அவங்க மோங்கிற கிழவி, நியூயார்க் தெருவுல டை விக்கிறவ, கூடவே பிக்பாக்கெட்காரங்கள பத்தி போலீஸுக்கு துப்பு குடுத்து காசு வாங்குறவ, அந்தக் காசுக்கு போலீஸ்கிட்டயே கறாரா பேரம் பேசுவா. எதுக்கு சேக்குறான்னா, அனாதைப் பொணமா பொதுக் குழில போட்டுடக் கூடாது, நல்ல இடத்துல கல் வச்சு தன்னைப் புதைக்கணும்னு. காசு குடுத்தா யாரை வேணும்னாலும் காட்டிக் குடுக்கிறவ, கம்யூனிஸ்ட் உளவாளிங்க கும்பல்லருந்து ஒருத்தன் துப்பாக்கியோட வந்து ஸ்கிப்ங்கிற பிக்பாக்கெட் பையனோட அட்ரஸ் கேக்கும்போது மட்டும் சொல்ல மாட்டேங்கிறா. நாள் பூரா நடந்து களைச்சு, கட்டில்ல சாஞ்சு கிடந்தபடி, நான் ரொம்ப டயர்டா இருக்கேன்ப்பான்னு அவ பேசுற அந்தச் சில நிமிஷத்துக்காகவே ஆறுல ஒண்ணையாவது குடுத்திருக்கணும்.

படம் 80 நிமிஷம்தான், ஒரு ராத்திரில பாத்துடலாம். அவ சவப்பெட்டி விஷயத்துல ஸ்கிப் பண்றது உங்களுக்குப் போதும்னு படுதா, இல்ல ரொம்ப லேட்டா வந்தான்னு படுதான்னு எழுதுங்க, எனக்கு இன்னும் அவன் மேல கோபம் போகல.